நாப்பது பேர நிறுத்தறதா, எல்லாருக்கும் நாலு நாள் வேலையா?

கேள்வி: சார் வணக்கம். திருப்பூர்ல அப்பா காலத்துலருந்து பனியன் யூனிட் வச்சிருக்கோம், 120 பேர் வேலை பாக்கறாங்க. முக்கால்வாசி அமெரிக்கா ஆர்டர்தான். 2025 ஆகஸ்ட் 27ல அங்க 50 சதவீத வரி வந்தப்புறம் பையர் சம்மர் ஆர்டர்ல மூணுல ஒரு பங்க நிறுத்தி வச்சுட்டாரு, மீதிக்கும் டிஸ்கவுண்ட் கேக்கறாரு. எங்ககிட்ட சராசரியா ஒரு நாள் கூலி 550 ரூபா. நாப்பது பேர நிறுத்திட்டா தாக்குப்பிடிக்கலாம், புது சட்டத்துல 300 பேருக்கு கீழ இருந்தா கவர்மென்ட் பர்மிஷன் கூட வேண்டாம்னு ஆடிட்டர் சொல்றாரு. எனக்கு மனசு வரல. அதுக்கு பதிலா எல்லாருக்கும் எட்டு மணி நேரத்த அஞ்சரை மணி நேரமா குறைச்சுக்கலாமான்னு யோசிக்கறேன். அப்பா என்னடான்னா எதுவா இருந்தாலும் பொங்கல் முடியற வரைக்கும் வாய தொறக்காத, ஆளுங்க ஓடிருவாங்கன்னு சொல்றாரு. என்ன பண்ணட்டும் சார்?

பதில்: மொதல்ல முடிவ சொல்லிடறேங்க, காரணம் அப்புறம். நாப்பது பேர நிறுத்தாதீங்க. ஆனா நீங்க நெனைக்கற மாதிரி தினசரி நேரத்தயும் குறைக்காதீங்க. ஆறு நாள் வேலைய நாலு நாளாக்குங்க, வேலை இல்லாத ரெண்டு நாளுக்கு பாதி கூலி குடுங்க, அத ஒப்பந்தமா எழுதி கையெழுத்து வாங்குங்க, எந்த தேதி வரைக்கும்னு அதுலயே போடுங்க. சொல்ல வேண்டியத பொங்கலுக்கு முன்னாடியே சொல்லிடுங்க.

ஆடிட்டர் சொன்னது தப்பில்ல, ஆனா பாதிதான் சொல்லிருக்காரு. பழைய தொழில் தகராறு சட்டத்துல 100 பேர் இருந்தாலே ஆள நிறுத்த கவர்மென்ட் அனுமதி வேணும்னு இருந்துச்சு, நவம்பர் 21, 2025ல அமலுக்கு வந்த இண்டஸ்ட்ரியல் ரிலேஷன்ஸ் கோட்ங்கற புது சட்டம் அந்த 100ஐ 300 ஆக்கிருச்சு, அதனால உங்க 120 பேர் யூனிட்டுக்கு அனுமதி தேவையில்ல, அது வரைக்கும் சரி. ஆனா அனுமதி வேண்டாம்னா செலவும் இல்லைன்னு அர்த்தம் ஆகாதுங்க. ஒரு வருஷம் சர்வீஸ் ஆன ஒவ்வொருத்தருக்கும் ஒரு மாச நோட்டீஸ் குடுக்கணும் இல்லைன்னா ஒரு மாச சம்பளம் குடுக்கணும், முடிச்ச ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம் நஷ்டஈடு, இதெல்லாம் பழைய சட்டத்துலயே இருந்ததுதான், கூட புதுசா ஒண்ணும் சேந்திருக்கு, நிறுத்தற ஆள் ஒவ்வொருத்தருக்கும் 15 நாள் சம்பளத்த புதுத்தொழில் பயிற்சிக்கான நிதியில கட்டணும். கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, வாங்க தகுதி உள்ளவங்களுக்கு அது தனி. அதுக்கும் மேல, யார நிறுத்தறதுன்னு நீங்க இஷ்டத்துக்கு பொறுக்க முடியாது, ஒரே வகை வேலைல கடைசியா சேந்தவங்கதான் மொதல்ல போகணும், அப்படி இல்லைன்னா காரணத்த எழுதி வைக்கணும். ஒரு வருஷத்துக்குள்ள திரும்ப ஆள் எடுத்தீங்கன்னா அவங்களத்தான் மொதல்ல கூப்பிடணும்.

இப்ப உங்க நம்பரையே வச்சு கணக்கு போட்டு பாத்தேன். 550 ரூபா கூலி, மாசம் 26 நாள், ஒரு ஆளுக்கு 14,300 ரூபா. நாப்பது பேர நிறுத்தினா மாசம் 5,72,000 மிச்சம். ஆனா அந்த நாப்பது பேருக்கும் சராசரி நாலு வருஷம் சர்வீஸ்னு வச்சுக்கிட்டா நஷ்டஈடு 33,000, நோட்டீஸ் சம்பளம் 14,300, பயிற்சி நிதிக்கு 8,250, ஆக மொத்தம் ஆளுக்கு 55,550, நாப்பது பேருக்கு 22,22,000 ரூபா. இது கைல இருந்து ஒரே நேரத்துல போற காசு, ஆர்டர் இல்லாத நேரத்துல, பையர் பேமென்ட்ட இழுத்தடிக்கற நேரத்துல.

இந்த பக்கம் 120 பேரும் நாலு நாள் வேலைன்னா என்னாகும்? ஒரு ஆளுக்கு வாரத்துக்கு ரெண்டு நாள் கூலி 1,100, அதுல பாதி 550 நீங்க குடுத்துடறீங்க, மீதி 550 உங்களுக்கு மிச்சம். 120 பேருக்கு வாரம் 66,000, மாசத்துக்கு சுமாரா 2,86,000. ஆள நிறுத்தறத விட மாச மிச்சம் பாதிதான், ஒத்துக்கறேன். ஆனா முன்கூட்டி குடுக்க வேண்டிய 22 லட்சம் இங்க இல்ல. நாலு மாசம் கழிச்சு ரெண்டையும் பக்கத்துல வச்சு பாருங்க, ஆள நிறுத்தின வழியில நிகரமா மிஞ்சறது 66,000 ரூபாதான், நாள குறைச்ச வழியில பதினொன்றரை லட்சத்துக்கு பக்கத்துல. ரெண்டு வழியும் சமமாகறதுக்கு ஏறக்குறைய எட்டு மாசம் ஆகும். அதனால உங்க கேள்விய கொஞ்சம் மாத்தி கேட்டுக்கோங்க, ஆர்டர் எட்டு மாசத்துக்குள்ள ஓரளவுக்காவது திரும்புமா திரும்பாதா? திரும்பும்னு தோணுச்சுன்னா ஆள நிறுத்தறதுல காசு கணக்குப்படியே லாபம் கெடையாது, மனசு கணக்கு அப்புறம்.

இதுல வராத நஷ்டம் ஒண்ணு இருக்கு, அது உங்களுக்கே தெரியும், நான் ஞாபகப்படுத்தறேன் அவ்வளவுதான். ஒரு லைன்ல ஓவர்லாக், ஃபிளாட்லாக், சிங்கர்னு தையல் மெஷின்ல வரிசையா உக்காந்து தச்சுட்டிருக்காங்க, அதுல கழுத்து பட்டி வைக்கற ஃபிளாட்லாக் டெய்லர் ரெண்டு பேர் போனாலே பின்னாடி இருக்கற அத்தன பேரும் பீஸ் வராம கைய கட்டிட்டு உக்காந்திருப்பாங்க, செக்கிங் டேபிள் காலியா கெடக்கும். மூணுல ஒருத்தர எடுத்துட்டு மூணுல ரெண்டு பங்கு உற்பத்தி வரும்னு எதிர்பாக்கறது பேப்பர்ல மட்டும்தான் நடக்கும். அதோட மிச்சம் இருக்கற எம்பது பேரும் அடுத்து நாமதான்னு நெனைச்சு பக்கத்து கம்பெனில வேலை கேட்டு வைப்பாங்க, அதுல மொதல்ல போறது உங்க நல்ல டெய்லருங்கதான், ஏன்னா அவங்களுக்குத்தான் வேற எடத்துல ஒடனே வேலை கெடைக்கும். ஆர்டர் திரும்பி வர்ற அன்னைக்கு ஆள் தேடி பஸ் ஸ்டாண்ட்ல போர்டு மாட்டி, புதுசா வர்றவங்களுக்கு ஒரு மாசம் சொல்லிக் குடுத்து, அந்த ஒரு மாசமும் ரிஜெக்ஷன் ஏறி, இதுக்கெல்லாம் எந்த ஆடிட்டரும் கணக்கு போட மாட்டாரு.

சரி, அஞ்சரை மணி நேரம் ஏன் வேண்டாங்கறேன். பழைய குறைந்தபட்ச கூலி சட்டத்துல ஒரு விஷயம் இருந்துச்சு, இப்ப வந்திருக்கற கூலி கோட்லயும் அது அப்படியே இருக்கு. நாள் கூலி நிர்ணயம் பண்ணிருக்கற வேலைல ஒரு ஆள் வேலைக்கு வந்து, அவரு செய்ய தயாரா இருந்தும் நீங்க வேலை குடுக்காததால குறைஞ்ச நேரம் மட்டும் செஞ்சிருந்தா, முழு நாள் கூலிக்கு அவருக்கு உரிமை உண்டு. அஞ்சரை மணி நேரத்துக்கு மட்டும் கூலி போட்டு ஒரு வருஷம் ஓட்டிட்டு, அப்புறம் யாராவது லேபர் ஆபீஸ்ல ஒரு மனு குடுத்தா மொத்த வித்தியாசத்தயும் கட்ட வேண்டி வரும். சட்டத்த விடுங்க, ஆளுங்க பக்கத்துலருந்து பாத்தாலும் அது நல்லதில்ல. பல்லடத்துலருந்தோ ஊத்துக்குளியிலருந்தோ வர்ற ஒரு அம்மாவுக்கு அஞ்சரை மணி நேரம் வேலை செஞ்சாலும் எட்டு மணி நேரம் செஞ்சாலும் பஸ் காசு அதேதான், விடியக்காலைல எந்திரிச்சு சோறாக்கி டப்பா கட்டறதும் அதேதான். முழு நாளா மிச்சம் புடிச்சு குடுத்தீங்கன்னா அந்த நாள்ல வேற ஒரு வேலையாவது பாத்துக்கலாம். உங்களுக்கும் லைன ரெண்டு நாள் முழுசா நிறுத்தினாத்தான் அயர்ன் பாய்லர், ஜெனரேட்டர் டீசல், டீ செலவுன்னு எல்லாம் குறையும், அரை நாள் ஓட்டினா அதுல பெருசா ஒண்ணும் குறையாது.

அடுத்தது இத எப்படி எழுதறதுங்கறது, நெறைய பேர் கோட்டை விடறது இங்கதான். ரெண்டு நாளயும் "லே-ஆஃப்"னு எழுதுங்க, அதாவது ஆள் ரோல்ல இருக்காரு, நம்மால வேலை குடுக்க முடியல, அவ்வளவுதான். 50 பேரோ அதுக்கு மேலயோ இருக்கற ஃபேக்டரில ஒரு வருஷம் முடிச்சவங்களுக்கு அந்த நாளுக்கு அடிப்படை சம்பளம், பஞ்சப்படி (டி.ஏ.) ரெண்டும் சேந்ததுல பாதி குடுக்கணும்னு சட்டம், நான் மேல கணக்குல எல்லாரையும் சேத்துத்தான் போட்டிருக்கேன், நீங்களும் புதுசா சேந்தவங்கள விட்டுடாம குடுங்க, தொகை பெருசில்ல, அதனால கெடைக்கற நம்பிக்கை பெருசு. பன்னெண்டு மாசத்துல 45 நாள் வரைக்கும்தான் இந்த பாதி கூலி கட்டாயம், அதுக்கு மேல வேண்டாம்னு ஒப்பந்தம் போட சட்டம் எடம் குடுக்குது, வாரம் ரெண்டு நாள்னா அந்த 45 நாள் அஞ்சு மாசம் வரைக்கும் வந்துடும். அந்த சலுகைய பயன்படுத்தாதீங்கன்னுதான் நான் சொல்வேன், அஞ்சு மாசத்துக்கு மேல இது ஓடுச்சுன்னா பிரச்சனை வேற எடத்துல இருக்குன்னு அர்த்தம், அத பின்னாடி சொல்றேன்.

சில பேர் லே-ஆஃப்ங்கற பேருக்கே பயந்துட்டு, ஆளுங்ககிட்ட வாரா வாரம் லீவு லெட்டர் எழுதி வாங்கிக்கறாங்க, சொந்த வேலையா ரெண்டு நாள் லீவு வேணும்னு. தயவு செஞ்சு அத பண்ணாதீங்க. தொடர் சர்வீஸ்னு சொல்றதுக்கு வருஷத்துக்கு 240 நாள் கணக்கு பாப்பாங்க, வாரம் நாலு நாள்னா 52 வாரத்துக்கு 208 நாள்தான் வருது. லே-ஆஃப்னு பதிவு பண்ணின நாள சட்டமே வேலை செஞ்ச நாளா சேத்துக்கும், சொந்த லீவுன்னு எழுதி வாங்கினா பின்னாடி கிராஜுவிட்டி குடுக்கறப்ப தகராறுதான், பத்து வருஷம் உங்ககிட்ட தச்ச ஆள் ஒருத்தர் அந்த 32 நாளுக்காக கோர்ட் படியேறணுமா சொல்லுங்க. இதவிட மோசம் ராஜினாமா எழுதி வாங்கிட்டு மூணு மாசம் கழிச்சு புதுசா சேத்துக்கறேன்னு சொல்றது. அத யார் உங்களுக்கு யோசனையா சொன்னாலும் அவங்கள ஆபீஸ்க்குள்ளயே விடாதீங்க. அப்புறம் லே-ஆஃப் நாள்ல ஆள் கம்பெனிக்கு வந்து கையெழுத்து போட்டாத்தான் பாதி கூலின்னு சட்டத்துல ஒண்ணு இருக்கு, உங்க ஒப்பந்தத்துல அது தேவையில்லைன்னு எழுதிடுங்க, 275 ரூபா வாங்கறதுக்கு 60 ரூபா பஸ்ஸுக்கு குடுத்துட்டு வந்து கேட்ல நிக்க வைக்கறதுல யாருக்கு என்ன பிரயோஜனம்.

இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் இன்சூரன்ஸ் விஷயத்துல ஒரு நம்பர மனசுல வச்சுக்கோங்க, 78. ஏப்ரல்லருந்து செப்டம்பர், அக்டோபர்லருந்து மார்ச்னு ஆறு ஆறு மாசமா பிரிச்சு, அதுல 78 நாளுக்காவது சம்பளம் வந்து பங்கு கட்டிருந்தாத்தான் அடுத்து உடம்பு சரியில்லாம படுத்தா அவங்களுக்கு சம்பளத்துல 70 சதவீதம் இ.எஸ்.ஐ.லருந்து வரும். வேலை செஞ்ச நாள மட்டும் எண்ணினா, வாரம் நாலு நாள்னா 26 வாரத்துக்கு 104 நாள், நடுவுல காய்ச்சல், கல்யாணம், காரியம்னு சில நாள் போனாலும் தாங்கும். வாரம் மூணு நாளா குறைச்சீங்கன்னா கரெக்டா 78, ஒரே ஒரு நாள் வராம போனாலும் போச்சு. அதனால எவ்வளவு நெருக்கடியா இருந்தாலும் நாலு நாளுக்கு கீழ போகாதீங்க. மாசமா இருக்கற பொண்ணுங்க யாராவது இருந்தா பிரசவ உதவிக்கு அதுக்கு முன்னாடி வர்ற ஒரு வருஷத்துல 70 நாள் கணக்கு காட்டணும், அவங்க அட்டெண்டன்ஸ தனியா எடுத்து பாத்துட்டு தேவைப்பட்டா அவங்களுக்கு மட்டும் ஆறு நாளும் செக்கிங்ல வேலை குடுங்க. பீஸ் ரேட் டெய்லருங்களுக்கு இன்னொண்ணு. அவங்க வேலைய விட்டு போறப்ப கிராஜுவிட்டி கடைசி மூணு மாச சராசரில போடுவாங்க, இந்த குறைஞ்ச காலத்துல யாராவது ரிட்டையர் ஆனா பல வருஷ சர்வீஸுக்கும் சேத்து தொகை குறைஞ்சுடும், அதனால "நாள் குறைப்புக்கு முந்தின மூணு மாச சராசரியே எடுத்துக்கப்படும்"னு ஒப்பந்தத்துல ஒரு வரி சேத்துடுங்க. ஒரு வரிதான், எழுத மறந்தா ஒருத்தரோட வீட்டு கடனே அடையாம போகும்.

ஆனா இதெல்லாம் ஆளுங்ககிட்ட பேசறதுக்கு முன்னாடி நீங்க உங்க பக்கத்துல செய்ய வேண்டியது இருக்கு. ஒன்றரை ஷிப்ட் இன்னும் ஓடுதான்னு உங்க கடிதத்துல இல்ல. ஓடுச்சுன்னா அத மொதல்ல நிறுத்துங்க, ஒரு லைன்ல பன்னெண்டு மணி நேரம் ஓட்டிட்டு இன்னொரு லைனுக்கு வேலை இல்லைன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. வெளிய ஜாப் ஒர்க் குடுத்திருக்கற தையல், அயர்னிங், பேக்கிங் எல்லாத்தயும் உள்ள கொண்டு வாங்க, அதுலயே அரை நாள் வேலை கெடைக்கலாம். ஆபீஸ் ஸ்டாஃப், மெர்ச்சண்டைசர், மேனேஜர் இவங்க சம்பளத்துலயும் குறைப்பு இருக்கணும், டெய்லர் வாரத்துக்கு ஆறுல ஒரு பங்கு இழக்கறாருன்னா மேல இருக்கறவங்க அதுக்கு குறையாம இழக்கணும். உங்க வீட்டுக்கு மாசா மாசம் எடுக்கற பணத்த எவ்வளவு குறைக்கறீங்கன்னு கூட்டத்துல நீங்களே தொகையோட சொல்லுங்க. வாசல்ல புது கார் வந்து நிக்கற வாரத்துல நாலு நாள் வேலைன்னு நோட்டீஸ் ஒட்டினா என்ன நடக்கும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா.

அவிநாசி ரோட்டு பக்கம் ஒரு யூனிட்ல இப்படி ஒரு கூட்டம் நடந்தப்ப நான் கூட இருந்தேன். கட்டிங் டேபிள் மேல ஆர்டர் ஷீட்ட விரிச்சு வச்சுட்டு ஓனர், போன வருஷம் இதே மாசத்துல இத்தன பீஸ், இந்த வருஷம் இவ்வளவுதான்னு காட்டினாரு. கொஞ்ச நேரம் யாரும் எதுவும் பேசல. அப்புறம் அயர்னிங்ல இருக்கற ஒரு அக்கா எந்திரிச்சு, திங்களும் செவ்வாயும் லீவு விட்டா சனிக்கிழமை சம்பளம் குறைஞ்சுதான் கைக்கு வரும், செவ்வாக்கிழமை காலைல குழு லோன் கட்டணும், அதுக்கு என்ன பண்றதுன்னு கேட்டாங்க. அத அந்த ஓனரும் யோசிக்கல, மேனேஜரும் யோசிக்கல. அங்கயே பேசி, கம்பெனில வாங்கின அட்வான்ஸுக்கு வாரா வாரம் புடிக்கறத அந்த நாலு மாசத்துக்கு நிறுத்தி வச்சாங்க, அதுலயே நெறைய பேருக்கு வாரத் தவணைக்கு கை கொடுத்துச்சு. நீங்களும் அட்வான்ஸ் புடிக்கறத நிறுத்தி வைங்க. எந்த ரெண்டு நாள் லீவுங்கறத நீங்க முடிவு பண்ணாதீங்க, அவங்ககிட்ட விடுங்க, ஞாயித்துக்கிழமையோட சேந்தாப்ல மூணு நாளா வேணும்னு கேப்பாங்க சில பேரு, நடுவாரத்துல வேணும்னு கேப்பாங்க சில பேரு, லைனுக்கு ஒரு மாதிரி வச்சுக்கலாம் ஆனா ஒரே லைன்ல இருக்கறவங்களுக்கு ஒரே நாளா இருக்கணும், இல்லைன்னா லைன் ஓடாது.

ஒடிசா, பீகார் பசங்க ஹாஸ்டல்ல இருந்தாங்கன்னா அவங்க கணக்கு வேற. வாரம் ரெண்டு நாள் சும்மா ரூம்ல உக்காந்திருந்தா சாப்பாட்டு செலவுதான் ஆகும், ஊருக்கு அனுப்ப ஒண்ணும் மிஞ்சாது. அவங்களுக்கு ரெண்டு ரெண்டு நாளா விடாம, மொத்தமா சேத்து ரெண்டு வாரம் மூணு வாரம்னு ஊருக்கு போய்ட்டு வர்ற மாதிரி குடுங்க, பாதி கூலிய பேங்க்ல போட்டுடுங்க, திரும்பி வர்ற ட்ரெயின் டிக்கெட்ட நீங்க எடுத்துக் குடுத்தீங்கன்னா கண்டிப்பா வருவாங்க.

யூனியன் இருந்தா யூனியனோட, இல்லைன்னா ஒவ்வொரு டிபார்ட்மென்ட்லருந்தும் அவங்களே தேர்ந்தெடுக்கற ஆளுங்களோட உக்காந்து ஒப்பந்தம் போடுங்க, அதுல பாதிப் பேராவது பொம்பளைங்களா இருக்கணும், உங்க லைன்ல பாதிக்கு மேல அவங்கதான் இருப்பாங்க. ஒப்பந்தம் இல்லாம வேலை முறைய நீங்களா மாத்தணும்னா 21 நாள் நோட்டீஸ் குடுத்துட்டுத்தான் மாத்த முடியும், ஒப்பந்தமா போட்டா அந்த காத்திருப்பு வேண்டாம். ஒரு காப்பி லேபர் ஆபீஸுக்கு போகட்டும், ஒரு காப்பி தமிழ்லயும் ஒண்ணு இந்திலயும் நோட்டீஸ் போர்டுல இருக்கட்டும்.

இது ஏதோ புதுசா நாம கண்டுபிடிச்ச வழி இல்லைங்க. 1993 கடைசில ஜெர்மனில ஃபோக்ஸ்வேகன் கார் கம்பெனிக்கு சுமார் 30,000 பேர் அதிகமா இருக்காங்கன்னு கணக்கு வந்துச்சு, அப்ப யாரயும் அனுப்பாம யூனியனோட பேசி வாரத்துக்கு 28.8 மணி நேரம், நாலு நாள்னு 1994லருந்து ஓட்டினாங்க, வருஷ சம்பளமும் குறைஞ்சுது. அந்த நாட்டுல கவர்மென்ட்டே இதுக்கு கை கொடுக்கும், வேலை நேரம் குறைஞ்சதால இழந்த கைச்சம்பளத்துல 60 சதவீதம், குழந்தை இருந்தா 67 சதவீதம் வேலையின்மை இன்சூரன்ஸ்லருந்து வரும். கொரோனா வந்த 2020 ஏப்ரல்ல கிட்டத்தட்ட 60 லட்சம் பேர் அந்த திட்டத்துல இருந்தாங்க. நம்ம ஊர்ல அப்படி ஒரு நிதி இல்ல, முதலாளியும் தொழிலாளியும் மட்டும்தான் அந்த சுமைய பிரிச்சுக்கணும், அதனாலதான் அந்த பாதி கூலிய சட்டம் சொல்லுதேன்னு குடுக்காம உங்க பங்குன்னு நெனைச்சு குடுங்கன்னு சொல்றேன். அந்த அமெரிக்கா வரி ஒரு டெய்லர் செஞ்ச தப்புக்கு வந்ததில்ல. திருப்பூர் மாதிரி ஒரு ஊரு இத்தன வருஷம் அந்நிய செலாவணி கொண்டு வந்து குடுத்ததுக்கு இப்படி ஒரு நேரத்துல நாலு மாச கூலில கால் பங்காவது அரசாங்கம் ஏத்துக்கலாம், உங்க அசோசியேஷன் வழியா இத கேளுங்க, சும்மா வட்டி சலுகை மட்டும் கேட்டுட்டு வராதீங்க.

நாள் குறைப்பு எல்லா நேரத்துக்கும் மருந்தாகாது, அதயும் சொல்லிடறேன். உங்க பையர் ஆர்டர தள்ளிப் போட்டிருக்காரா, இல்ல வியட்நாம், பங்களாதேஷ்னு வேற எடத்துக்கு கொண்டு போய்ட்டாரான்னு அவர்கிட்ட நேரா கேட்டு மெயில்ல பதில் வாங்குங்க. தள்ளிப் போட்டிருந்தா நாலு நாள் வேலைதான் சரி. கொண்டு போய்ட்டாருன்னா நூத்தி இருபது பேரையும் ஒரு வருஷம் குறைஞ்ச சம்பளத்துல இழுத்து வைக்கறது அவங்களுக்கு செய்யற நல்லதே இல்ல, அவங்க வயசும் நேரமும் போகுது, வேற எடத்துல முழு கூலிக்கு வேலை தேடிக்க விடணும். அதனால ஒப்பந்தத்த நாலு மாசத்துக்கு மட்டும் போடுங்க, ஆறாவது வாரத்துல ஒருக்கா, பன்னெண்டாவது வாரத்துல ஒருக்கா ஆர்டர் நெலவரத்த கமிட்டிக்கு காட்டுங்க, ஆர்டர் இவ்வளவு பீஸ் தாண்டினா அடுத்த வாரமே அஞ்சு நாள், இவ்வளவு தாண்டினா ஆறு நாள்னு எழுதியே வச்சுடுங்க. முழுசா ஆறு நாள் வர்ற வரைக்கும் புது ஆள் எடுக்கறதில்ல, ஒன்றரை ஷிப்ட் ஓட்டறதில்லைன்னும் எழுதுங்க. இந்த நாலு மாசத்துல நீங்க பிரிட்டன், ஐரோப்பா பக்கம் ஓடுங்க, பிரிட்டனோட இந்தியா போட்ட வர்த்தக ஒப்பந்தம் 2025 ஜூலைல கையெழுத்தாகிருக்கு, அங்க சாம்பிள் அப்ரூவல் வாங்கி தயாரா இருக்கறவங்களுக்குத்தான் ஆர்டர் கெடைக்கும், சாம்பிள் தைக்கறதுக்கு உங்ககிட்ட பழகின டெய்லர் இருக்கணும். நாலு மாசம் முடிஞ்சும் ஒண்ணும் அசையலைன்னா அப்ப ஆள குறைக்கறத பத்தி பேசலாம், அப்பவும் மொதல்ல கேக்க வேண்டியது யாருக்காவது நஷ்டஈடோட விருப்பப்பட்டு போக எண்ணம் இருக்கான்னு, ஊர்ல போய் சொந்தமா ரெண்டு மெஷின் போடலாம்னு நெனைச்சுட்டு இருக்கறவங்க எப்பவும் நாலஞ்சு பேர் இருப்பாங்க.

கடைசியா உங்க அப்பா சொன்னது. அவரு பயம் எனக்கு புரியுது, அந்த காலத்துல ஒரு கம்பெனில வேலை குறையுதுன்னு தெரிஞ்சா டெய்லருங்க மறுநாளே அடுத்த கம்பெனில உக்காந்துருப்பாங்க. ஆனா இப்ப அடுத்த கம்பெனிலயும் இதே நெலமைதான், அதோட உங்க ஆளுங்களுக்கு விஷயம் தெரியாதுன்னு நெனைக்காதீங்க, நூல் லாரி எத்தன வருது, கட்டிங்ல எத்தன லாட் எறங்குதுன்னு தினமும் பாக்கறவங்க அவங்கதான், டீ கடைல இது மாசக்கணக்கா ஓடிட்டு இருக்கும். பொங்கலுக்கு தேனி, மதுரை, புதுக்கோட்டைன்னு ஊருக்கு போவாங்க, நீங்க ஒண்ணும் சொல்லாம அனுப்பினீங்கன்னா அங்க உக்காந்து கம்பெனி தொறக்குமா தொறக்காதான்னு போன் போட்டுட்டு இருப்பாங்க, ஒரு பகுதி ஆளுங்க திரும்ப வரவே மாட்டாங்க. முன்னாடியே சொன்னீங்கன்னா லே-ஆஃப் நாள்ல நாலஞ்ச பொங்கல் லீவோடயே சேத்து எடுத்துக்கறோம்னு அவங்களே கேப்பாங்க, குடுங்க, ஊர்ல கரும்பு வெட்டு, நெல் அறுப்புன்னு அந்த நேரத்துல கூலி வேலையும் கெடைக்கும். வர்ற சனிக்கிழமை சம்பளம் போடறதுக்கு முன்னாடி, லைன நிறுத்திட்டு, அப்பாவயும் பக்கத்துல நிக்க வச்சு பேசுங்க, உங்கள விட அவரத்தான் அவங்களுக்கு அதிக வருஷமா தெரியும். ஒப்பந்த நகல எழுதி முடிச்சதும் கையெழுத்துக்கு முன்னாடி எனக்கு ஒருக்கா அனுப்புங்க, பாத்து திருத்தி தரேன், அதுக்கு ஃபீஸ் எதுவும் வேண்டாம்.